எடை மேடை ஏறிய குடும்பம்

அநியாயம் நடந்தது எனக்கு, அக்கா. விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. ஏற்காட்டு மலைப்பாதையில பதினோராவது கொண்டை ஊசி வளைவுல ஒரு சின்ன கார் சுவத்துல உரசினதுக்கு, அதுக்குள்ள உக்காந்திருந்த அஞ்சு பேர்ல நான் ஒருத்தி மட்டும் குற்றவாளி. அன்னிக்கே சாவியை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அதனாலதான் இந்த பஸ்ல உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். இல்லாட்டி இந்நேரம் யுனிவர்சிட்டி வாசல்ல காரை நிறுத்தி, கதவைச் சாத்தி, சாவியை விரல்ல சுத்திக்கிட்டு நடந்து போயிருப்பேன்.

என் பை இடிக்குதா? மடியில வெச்சுக்கறேன். நீங்க எங்க இறங்கணும்? கடைசி ஸ்டாப்பா? நல்லதாப் போச்சு.

என் பேர் சுடர்விழி. எம்.எஸ்ஸி. புள்ளியியல், முதல் வருஷம். ரெண்டு பஸ் மாறிப் போகணும். முதல் வகுப்புல பாதி எனக்கு எப்பவும் கதவுக்கு வெளியிலதான். இந்தக் கஷ்டத்தைப் பார்த்துட்டு அப்பா ஒரு ஒப்பந்தம் போட்டார். போன மாசம் எங்க சித்தப்பா ஏற்காட்டுல வீடு கட்டிப் பால் காய்ச்சினார். அப்பா முதல் நாளே மேல போயிட்டார். போகும்போது சொன்னார்: "சுடரு, நீதான் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வர்ற. இருபது வளைவும் ஏறி, ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து நிறுத்து. அப்புறம் தினமும் காலேஜுக்கு வண்டியிலயே போ."

இருபதுல பத்து ஏறிட்டேன் அக்கா. பத்து! அதை யாராவது பேசறாங்களா?

சரி, அன்னிக்கு வண்டியில யார் யார்னு சொல்றேன், கணக்கு புரியணும். நான் ஓட்டுறேன், அம்பது கிலோ. பின்சீட்டுல அப்பாவோட அக்கா ராஜாமணி அத்தை, தொண்ணூத்தி ரெண்டு கிலோ. அவங்க பக்கத்துல அம்மா, எழுபத்தாறு. அதுக்குப் பக்கத்துல எங்க அக்கா அமுதினி, அறுபத்தேழு. டிக்கியில வீட்டுக்குச் சீரா ஒரு கிரைண்டர். மேசை மேல வைக்கறதுன்னு நினைச்சுக்காதீங்க. தரையில நிக்குமே, ரெண்டு பேர் சேர்ந்து தூக்குவாங்களே, அந்தப் பழைய மாதிரி கல் கிரைண்டர். அது போதாதுன்னு பித்தளைக் குடம், குத்துவிளக்கு எல்லாம் அதைச் சுத்தி.

முன்சீட்டுல யாரு? அக்கா வீட்டுக்காரர், மூர்த்தி மாமா. அம்பத்தஞ்சு கிலோ. அதுலயும் அன்னிக்கு மடியில சாமி படம் இருந்தது, அதையும் சேர்த்து.

ஏன் அவர் முன்னால? மாப்பிள்ளை! கல்யாணமாகி நாலு மாசம். மாப்பிள்ளைன்னா முன்சீட்டு. அவர் பாவம், கிளம்பும்போதே சொன்னார், "நான் பின்னால உக்காந்துக்கறேன் அத்தை, நீங்க தாராளமா முன்னால உக்காருங்க"ன்னு. எங்க அத்தை பதறிப் போயிட்டாங்க. "ஐயோ, பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? மாப்பிள்ளையப் பொம்பளைங்களோட பின்னால திணிச்சுக் கூட்டிட்டு வந்தாங்கன்னு பேச்சு வரும். நீங்க உக்காருங்க மாப்ள."

எனக்கு இந்த மாதிரி விஷயம் ஆகாது அக்கா. முன்சீட்டு மாப்பிள்ளைக்குன்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? வீட்டுல கேட்டேன். அடிவாரத்துல கேட்டேன். அஞ்சாவது வளைவுல அத்தை பதில் சொன்னாங்க: "மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுடி." எட்டாவது வளைவுல நான் திருப்பிக் கேட்டேன், பின்னால பொம்பளைங்க மூணு பேரோட கால் மடங்கிக் கிடக்க, அவர் ஒருத்தர் காலை நீட்டிக்கிட்டு வர்றது யாருக்கு மரியாதைன்னு. அத்தை, "உனக்கு ஒருத்தன் வருவான் பாரு, அப்பத் தெரியும்"ன்னாங்க. இது வாதமா? இது சாபம்.

அதனால பதினோராவது வளைவுல நான் தெளிவா, வரிசையா, மூணு காரணம் சொன்னேன். ஒண்ணு, வசதி. ரெண்டு, சமத்துவம். மூணுன்னு விரலைத் தூக்கினப்ப மூர்த்தி மாமா "சுடரு... சுடரு..."ன்னு ரெண்டு தடவை கூப்பிட்டார். ஒருத்தர் மூணாவது காரணம் சொல்லும்போது குறுக்க பேசறது எனக்குப் பிடிக்காது. "இருங்க மாமா, அத்தைக்கு முடிச்சுட்டு வர்றேன்"ன்னேன். முன்னால திரும்பினா சுவர்.

ஸ்டியரிங்கைத் திருப்பினேன் அக்கா. சத்தியமாத் திருப்பினேன். வண்டி திரும்பல! ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசா இருந்தது. முன்சக்கரம் வர்ர்ர்னு தேய்ச்சுக்கிட்டு நேரே போகுது. பிரேக்கை மிதிச்சேன். பம்பர் சுவத்துல ஒரு முத்தம், இடது விளக்கு போச்சு. அவ்வளவுதான். யாருக்கும் ஒரு சிராய்ப்பு கிடையாது. சாமி படம் கூட மாமா கையில அப்படியே இருந்தது. அவர்தான் அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடியிருந்தார்.

மேல போனோம். பால் பொங்கறதை விட்டுட்டு எல்லாரும் என் பம்பரைப் பார்க்க வந்தாங்க. சித்தி வீட்டு ஆள் ஒருத்தர், மீசை முறுக்கிக்கிட்டு, "பொம்பளைப் புள்ளைகிட்ட மலையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்"ன்னார். "நீங்க எதுல வந்தீங்க?"ன்னு கேட்டேன். பஸ்ல வந்தாராம். கார் ஓட்டத் தெரியுமான்னு கேட்டேன். தெரியாதாம்! அம்மா என்னை இழுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

அப்பா கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். "என் மேல தப்பில்லப்பா"ன்னேன். "பார்க்கலாம்"னார். எங்க அப்பா ஒரு வார்த்தை மனுஷர். சந்தோஷம்னாலும் பார்க்கலாம், துக்கம்னாலும் பார்க்கலாம்.

மறுநாள் காரோட கையேட்டைப் படிச்சேன். இருநூறு பக்கம். அதை முழுசாப் படிச்ச ஒரே ஆள் நம்ம மாவட்டத்துலயே நானாத்தான் இருப்பேன். அதுல இருந்தது அக்கா, காரணம்! கனமான சாமானை டிக்கியில ரொம்பப் பின்னால வைக்காதீங்க, பின்பாரம் கூடினா வண்டியோட கட்டுப்பாடு மாறும்னு. எனக்கு முன்னாடியே தெரியும்... அதாவது மனசுக்குத் தெரியும், வார்த்தையா மறுநாள்தான் கிடைச்சது.

நீங்களே யோசிங்க. நம்ம சின்ன காருக்கு இன்ஜின் முன்னால. இழுக்கறதும் முன்சக்கரம், திரும்பறதும் முன்சக்கரம். ரெண்டு வேலையும் செய்யறவங்க தரையில நல்லா அழுந்தி நிக்கணுமா வேண்டாமா? பாரத்தை எல்லாம் பின்னால ஏத்தி, அதுலயும் பின்சக்கரத்துக்கும் பின்னால ஒரு கல்லை வெச்சா என்ன ஆகும்? ஒரு பெஞ்சுப் பலகையோட ஓரத்துல ஒரு குண்டு ஆளு உக்காந்தா மறுபக்கம் தூக்குமே, அதேதான். மலை ஏறும்போது வண்டி ஏற்கெனவே பின்னால சாய்ஞ்சிருக்கு. முன்சக்கரம் தரையைச் சும்மா தடவிக்கிட்டுப் போகுது. நான் திருப்பறேன், அது கேக்கல. கேக்க முடியல அதால!

இதை வீட்டுல விளக்கினேன். சாம்பார்க் கரண்டியை வெச்சு, இட்லித் தட்டை வெச்சு விளக்கினேன். அத்தை தினமும் சாயந்திரம் வருவாங்க, ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவங்க நேரா விஷயத்துக்கு வந்தாங்க.

"அப்ப என்னடி சொல்ற? நான் குண்டுன்னு சொல்ற."

"அப்படிச் சொல்லல அத்தை. நீங்க பின்சக்கரத்துக்கு ரொம்பக் கிட்ட உக்காந்தீங்கன்னு சொல்றேன்."

"அது குண்டுன்னு சொல்றத விட மோசமா இருக்குது."

மூணு வாரம். அப்பாகிட்ட தினம் ஒரு மனு. அவர் தினம் ஒரு பார்க்கலாம். கடைசியில நம்ம அதிர்ஷ்டம், சித்தப்பா போன் பண்ணினார். பால் காய்ச்சுனதுக்கு மூணு கிரைண்டர் வந்திருக்காம், ஒண்ணை அமுதினி வீட்டுக்கு வெச்சுக்கங்கன்னு கீழ அனுப்பிட்டார். அக்கா வீடு சங்ககிரி பக்கம். நேத்து ஞாயித்துக்கிழமை அக்காவும் மாமாவும் எங்க வீட்டுக்கு வந்திருந்ததால எல்லாருமாப் போய் இறக்கிட்டு வரலாம்னு முடிவு. அதே கிரைண்டர்! அதே அஞ்சு பேர்! பித்தளைக்குப் பதிலா அக்காவுக்கு ஒரு சிப்பம் அரிசி, இருபத்தஞ்சு கிலோ. நான் எழுந்து நின்னேன். "அப்பா, பைபாஸ்ல லாரிங்க நிக்கிற எடை மேடை இருக்கு. முன்சக்கரத்தை மட்டும் ஏத்தி ஒரு எடை, பின்சக்கரத்தை மட்டும் ஏத்தி ஒரு எடை. அன்னிக்கு எப்படி உக்காந்தோமோ அப்படியே உக்காருவோம். அச்சடிச்ச சீட்டு தருவாங்க. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அப்பா பெரிய பேச்சாவே பேசிட்டார்: "சரி. சீட்டு யாருக்கு முன்னால இடம்னு சொல்லுதோ, சாவி அவங்களுக்கு."

இந்த வாக்கியத்தை அப்பவே எழுதி வாங்கியிருக்கணும். வேற மாதிரி எழுதி வாங்கியிருக்கணும்.

வீட்டுலேருந்து எடை மேடைக்கு ஒரு கிலோமீட்டர் கூட இல்ல. நான் ஓட்டினேன், அப்பா ஸ்கூட்டர்ல பின்னாடியே. எங்களுக்கு முன்னால இரும்பு ஏத்தின லாரி, பின்னால மாட்டுத் தீவன லாரி. நடுவுல நாங்க. சன்னலுக்குள்ள ஒரு பொண்ணு, என் வயசுதான் இருக்கும், பொரி கொறிச்சுக்கிட்டே மைக்ல கேட்டா: "வண்டி நம்பர் சொல்லுங்க. என்ன சரக்கு?"

"சரக்கு இல்லைங்க, குடும்பம்"னேன்.

"சரக்குன்னு ஏதாவது போட்டாத்தான் மெஷின் ஏத்துக்கும்."

அத்தை கண்ணாடியை இறக்கி, "சொந்தக்காரங்கன்னு போடு கண்ணு"ன்னாங்க. அந்தப் பொண்ணு அப்படியே போட்டா. சீட்டுல இருக்கு, பாருங்க, நான் பத்திரமா வெச்சிருக்கேன். சரக்கு: சொந்தக்காரங்க.

முன்சக்கரம், ஐந்நூத்தி எண்பது. பின்சக்கரம், அறுநூத்தி எண்பது. மொத்தம் ஆயிரத்து இருநூத்தி அறுபது. காலி வண்டியில முன்னால ஐந்நூத்திப் பத்து, பின்னால முந்நூத்தி நாப்பதுதான் இருக்கும்னு முன்கூட்டியே தனியாப் போய் எடை போட்டுப் பார்த்திருந்தேன்... அப்பாவுக்குத் தெரியாம சாவியை எடுத்து, போன வாரம். அதை விடுங்க. காலியா இருந்தா முன்பக்கம் கனம், நாங்க ஏறினா பின்பக்கம் கனம். தலைகீழ்! நான் காரை விட்டு இறங்கி அந்தச் சீட்டை அப்பா கண்ணுக்கு நேரே பிடிச்சேன்.

பின்னால தீவன லாரிக்காரர் ஹாரன் அடிச்சார். "என்னம்மா, சீர்வரிசைய எடை போட்டா கொண்டு போறீங்க?"

"ஒரு நிமிஷம்ணே, நியாயம் கேக்கறோம்"னேன்.

"கேளுங்க கேளுங்க, எனக்கும் ஒரு நியாயம் கேக்கணும், சங்ககிரியில மாடு பசியோட நிக்குது."

இதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா அக்கா, தப்பைச் சொன்னா போதுமா, திருத்தத்தையும் சொல்லணுமில்ல? "இப்ப பாருங்கப்பா, சரியான முறையில உக்கார வெச்சுக் காட்டறேன்"னேன். மூர்த்தி மாமாவைப் பின்னால அனுப்பினேன். அவர் முகத்துல அப்படி ஒரு நிம்மதி. முன்சீட்டுல உக்காந்தா எப்பவும் பயமா இருக்குமாம், நாலு மாசமா மரியாதைக்காகப் பொறுத்துக்கிட்டு வந்திருக்கார். கிரைண்டரோட டிரம்மையும் குழவியையும் கழட்டி டிக்கியிலேருந்து பின்சீட்டுக் காலடிக்கு மாத்தினேன். அரிசியும் அங்கதான். அத்தையை முன்சீட்டுக்கு வரச் சொன்னேன்.

அத்தை இறங்கினாங்க. அந்த நேரத்துல பின்சக்கரம் மேடை மேல இருந்திருக்கு. சன்னலுக்கு மேல பெரிய சிவப்பு எழுத்துல நம்பர் ஓடுமே, அது சட்டுனு சரிஞ்சது. லாரிக்காரர் வாய்விட்டே கூட்டல் கழித்தல் போட்டார். கிளீனர், டீக்கடைக்காரர், எல்லாரும் பார்த்தாங்க. அத்தை புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கிட்டாங்க. நான் சும்மா இல்லாம, "பாத்தீங்களாப்பா, அத்தை ஒருத்தங்க இறங்கினதுக்கே இவ்வளவு!"ன்னு ஆதாரத்தைச் சுட்டிக் காட்டினேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கிட்டு முன்சீட்டுல போய் உக்காந்தாங்க. நம்பர்ல என்ன கோவம் அக்கா? நம்பருக்கு மரியாதை அவமரியாதை எதுவும் தெரியாதே.

ரெண்டாவது சீட்டு. முன்னால அறுநூத்தி இருபது, பின்னால அறுநூத்தி நாப்பது. ஒரே ஒரு ஆளையும் ஒரு கல்லையும் மாத்தினதுல நாப்பது கிலோ முன்னால வந்துடுச்சு! கை தட்டணும் போல இருந்தது. தீவன லாரிக்காரர் தட்டியே விட்டார். அந்தப் பொண்ணு கூட மைக்ல, "பரவால்லயே"ன்னா. அப்பா ரெண்டு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தார். தலையை ஆட்டினார். "புள்ள சொல்றது சரிதான் போல"ன்னார். எங்க அப்பா! முழு வாக்கியம்!

"அப்ப சாவி?"ன்னேன்.

அப்பத்தான் அத்தை கதவைத் திறந்து இறங்கினாங்க. சுத்தி வந்தாங்க. நான் நின்ன இடத்தைத் தாண்டி, டிரைவர் சீட்டுல போய் உக்காந்தாங்க. சீட்டைப் பின்னால தள்ளினாங்க. பெல்ட்டை இழுத்து மாட்டினாங்க.

"அத்தை, அது ஓட்டறவங்க சீட்டு"ன்னேன்.

"தெரியுது"ன்னாங்க. "நீ பின்னால உக்காரு. உங்கம்மா முன்னால வரட்டும். மூணாவது எடைச் சீட்டு போடச் சொல்லு."

ஆமாம், அத்தைகிட்ட லைசென்ஸ் இருக்கு. சொல்லலையா நான்? முக்கியமில்லன்னு விட்டுட்டேன். நான் டிரைவிங் ஸ்கூல் சேர்ந்தப்ப, வயசுப் புள்ளையத் தனியா வாத்தியாரோட அனுப்பக் கூடாதுன்னு அத்தையைத் துணைக்கு அனுப்பினாங்க. இருபத்தஞ்சு நாள் பின்சீட்டுல சும்மா உக்காந்து வர்றாங்களேன்னு அவங்களும் பேரைக் கொடுத்துட்டாங்க. ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் டெஸ்ட். அத்தை முதல் தடவையே பாஸ். நான் ரெண்டாவது தடவை. எட்டு எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கணும்னு இன்ஸ்பெக்டரோட சின்னதா ஒரு கருத்து வேறுபாடு, அவ்வளவுதான். அத்தை தன் வீட்டுக்காரரோட காரை மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க, கோயிலுக்குப் போவாங்க. அதை எல்லாம் நான் ஓட்டறதுல சேர்க்கறது இல்ல.

மூணாவது சீட்டு வந்தது. அத்தை, அம்மா முன்னால. நான், அக்கா, மூர்த்தி மாமா பின்னால. முன்சக்கரம் அறுநூத்தி முப்பது. பின்சக்கரம் அறுநூத்தி முப்பது.

அந்தப் பொண்ணு பொரியை வாயில போடாம அப்படியே நிறுத்திட்டா. "இது வரைக்கும் இப்படிச் சரிபாதியா எந்த வண்டியும் வந்ததில்லைங்க"ன்னா.

நான் விடுவேனா? பின்சீட்டுலேருந்தே பேசினேன். இந்த மெஷின் காட்டற குறைஞ்ச வித்தியாசமே பத்து கிலோ. என்னோடது அறுநூத்தி இருபது, இது அறுநூத்தி முப்பது. ஒரே ஒரு படி. புள்ளியியல்ல இதை வித்தியாசம்னே சொல்ல மாட்டாங்க, குறைஞ்சது முப்பது தடவை எடை போட்டு சராசரி எடுக்கணும்னேன். தீவன லாரிக்காரர் "முப்பது தடவையா? அம்மா தாயே!"ன்னு தலையில கையை வெச்சுக்கிட்டார். அப்பா சன்னல் வழியா குனிஞ்சு பார்த்தார். அவர் கண்ணுல சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. "சீட்டு யாருக்கு முன்னால இடம்னு சொல்லுதோ..."ன்னு ஆரம்பிச்சார்.

"அப்பா! எடையைப் பார்த்தா டிரைவரை வைப்பாங்க? திறமை வேண்டாமா? கையேட்டைப் படிச்சது யாரு? காரணத்தைக் கண்டுபிடிச்சது யாரு? இந்த எடை மேடைக்கு எல்லாரையும் கூட்டிட்டு வந்தது யாரு?"

அமுதினி அக்கா சிரிப்பை அடக்க முடியாம முந்தானையை வாயில அமுக்கிக்கிட்டா. மூர்த்தி மாமா அரிசிச் சிப்பத்து மேல காலை வெச்சுக்கிட்டு, மெதுவா வாயைத் திறந்தார்: "அன்னிக்கு நான் வளைவு வருதுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன் சுடரு." சம்பந்தமில்லாத பேச்சு.

அத்தைகிட்டயே நேராக் கேட்டேன். "நீங்களே சொல்லுங்க அத்தை. நியாயமா, மனசாட்சிப்படி. அந்த சீட்டுல நான் உக்காரக் கூடாதுன்னு ஒரே ஒரு காரணம் சொல்லுங்க பார்ப்போம்."

அத்தை அவசரப்படல. நடுக்கண்ணாடியைத் திருப்பி, அதுல என் முகம் தெரியற மாதிரி வெச்சாங்க. இண்டிகேட்டர் போட்டாங்க. வண்டி மெதுவா மேடையை விட்டு இறங்கினப்ப, கண்ணை ரோட்டுலேருந்து எடுக்காம சொன்னாங்க:

"முன்னால எடை வேணும் எடை வேணும்னு மூணு வாரமாக் கத்தினது நீதான கண்ணு? அம்பது கிலோவுக்கு இங்க என்ன வேலை? பேசாம அந்தக் குழவி உருளாமக் காலால அணைச்சுப் புடிச்சுக்க."